கணினியின் வேகமும் வாய்மையும்

நம் கல்லூரி விடுதியில் இரவுணவிற்குப் பின் மாணவர் சிலர் கூடியிருந்து பேசுமிடத்து, அண்மைக் காலமாக ஒரு பொருள் அடிக்கடி எழுகின்றது. மேசைக் கணினியின் செயலியை, அதனைச் செய்தார் குறித்த வேகத்திற்கும் மேலாகத் தம் கையாலேயே விரைந்தோடச் செய்தல் தகுமா தகாதா என்பதே அது. தகும் என்பார், தாம் எட்டிய எண்ணைச் சொல்லி மார்தட்டுவர். தகாது என்பார், பொறி எரிந்துபோம் என்று அச்சுறுத்துவர். இவ்விரு திறத்தாரும் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றனர் என்பது என் துணிபு. கணினிக்கு விரைந்து விடை கூறுதல் ஓர் அழகே. ஆயினும் கூறும் விடை பிழையற்றிருத்தல் அதனினும் முதன்மையான அழகு. இதனை மறவாது செய்வார்க்கு இத்தொழில் தகும். மறந்து செய்வார்க்குத் தகாது. இக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இத்தொழில் யாதென்பதைச் சுருங்கக் கூறுவேன். கணினியின்கண் எல்லாக் கணக்குகளையும் செய்து முடிப்பது பிராசஸர் எனப்படும் செயலி. தாளத்திற்கு அடிபெயர்க்கும் கூத்தரைப் போல, அஃது ஒரு துடிப்பிற்கேற்பவே தன் வேலையைச் செய்கின்றது. அத்துடிப்பின் விரைவு இரண்டெண்களின் பெருக்கத்தால் அமைவது. ஒன்று, அடிப்படைத் துடிப்பு. இஃது இக்காலத்து மேசைக் கணினிகளிற் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ், அஃதாவது நொடிக்குப் பத்துக் கோடி துடிப்பு. மற்றொன்று, பெருக்கெண். பெருக்கெண் 40 ஆயின் செயலி 4.0 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். அதனை 44 ஆக்கின் 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். கணினி தொடங்கும்போது திறக்கத்தக்க பயாஸ் பக்கத்தில் இவ்வெண்ணை உயர்த்துதலையே ஓவர்க்ளாக்கிங் என்பர். இக்கட்டுரையில் அதனைத் துடிப்பேற்றம் என்று வழங்குவேன்.

செய்தார் குறித்த அளவிற்கு மேலும் ஒரு செயலி ஓடுதல் எங்ஙனம் இயலும்? ஒரே சிலிக்கான் தகட்டினின்றும் அறுத்தெடுத்த செயலிகளும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போலத் தம்முள் வேறுபடும். வெப்பம் மிகுந்த அறையிலும், பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த பின்னரும், அவற்றுள் மெலியதும் பிழையின்றி ஓடவேண்டும் என்று கருதியே செய்வோர் வேகத்தைக் குறிக்கின்றனர். ஆகவே குறித்த வேகத்திற்கும் இயலும் வேகத்திற்கும் இடையே சிறிது இடம் ஒழிந்து கிடக்கும். துடிப்பேற்றுவோன் எடுத்துக்கொள்வது இவ்விடத்தையே. அஃது ஏமாந்து விடப்பட்ட செல்வம் அன்று. கெட்ட நாளைக்கென வைத்த சேமிப்பு. அதனைச் செலவிடுவோன் செலவிடுகின்றோம் என்று அறிந்து செலவிடுதல் வேண்டும்.

ஒருகாலத்து இவ்விடம் மிகப் பெரிதாயிருந்தது. 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் செலரான் 300ஏ என்னும் எளிய விலைச் செயலியை வெளியிட்டனர். அதன் பெருக்கெண் 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அப்பெருக்கெண் மாற்றவியலாதவாறு பூட்டப்பட்டிருந்தது. ஆயினும் அடிப்படைத் துடிப்பை 100 ஆக உயர்த்திய அளவானே அச்செயலிகளுட் பல 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. ஒருபாதி வேகம் விலையின்றிக் கிடைத்தமையால் அச்செயலியின் புகழ் இன்றளவும் பேசப்படுகின்றது. அக்காலத்துக் கதைகளைக் கேட்டே நம்மவர் பலர் இன்றும் இத்தொழிலிற் புகுகின்றனர். ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2008ஆம் ஆண்டில் வந்த கோர் ஐ7 முதலாக, குளிர்ச்சியும் மின்சாரமும் இடந்தருமளவும் செயலி தானே தன் வேகத்தை உயர்த்திக்கொள்ளும் டர்போ என்னும் ஏற்பாடு வழக்கில் வந்தது. எஞ்சிய இடத்தைச் செய்தாரே பெரும்பாலும் எடுத்துக்கொண்டனர். ஆகலின் இன்று நாம் பெறக்கூடியது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்தோ பத்தோதான்.

நிற்க, இவ்வூதியத்திற்கு நாம் தரும் விலை யாது? துடிப்பு விரையுந்தோறும் செயலியினுள் ஒவ்வொரு மின்குறியும் தன்னிடம் சேரக் கிடைக்கும் காலம் குறுகும். அக்குறுகிய காலத்துள் அது சேரவேண்டின் மின்னழுத்தத்தை உயர்த்தல் வேண்டும். மாறிமாறி இயங்குதலாற் செலவாகும் மின்திறனோ, துடிப்பின் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் வளரும் இயல்பினது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட் கொண்டோடும் செயலியை 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்ட 1.35 வோல்ட் தேவையாயிற்று எனக் கொள்க. வேகம் நூற்றுக்குப் பத்தே உயர்ந்தது. மின்செலவோ நூற்றுக்கு ஏறத்தாழ 39 உயர்ந்தது. இம்மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். சித்திரை மாதத்து நம் விடுதியறையின் வெப்பம் மார்கழியினும் பத்து டிகிரி மிகுமாயின், செயலியின் வெப்பமும் ஏறக்குறைய அத்துணையே மிகும். மார்கழியில் நன்றாக ஓடிய வேகம் சித்திரையில் தவறுதலின் காரணம் இதுவே.

வெப்பம் அளவு மீறின் செயலி தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பல இன்டெல் செயலிகளுக்கு அவ்வெல்லை 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசையிற் பலவற்றிற்கு 95. மின்னழுத்தத்தின் தீங்கோ இத்துணை வெளிப்படையன்று; அது செயலியை மெல்ல அரித்துத் தேய்ப்பது. இதில் வல்லோரும் வழுவியதுண்டு. 2023ஆம் ஆண்டில், நினைவகத்தை விரைவுபடுத்தும் அமைப்பை இயக்கிய அளவிலேயே சில மதர்போர்டுகள் செயலியின் எஸ்ஓசி எனும் பகுதிக்கு மிகை மின்னழுத்தம் ஊட்டியமையால், ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில கருகின. அதன்பின் ஏஎம்டி நிறுவனத்தார் அவ்வழுத்தத்திற்கு 1.3 வோல்ட் என எல்லை வகுத்தனர். 2024ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தாரின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைச் செயலிகள் நிலைதடுமாறின. செயலியினுள் அமைந்த நுண்ணிரலே மிகை மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றது என்று அந்நிறுவனத்தாரே அறிவித்தனர். திருத்தம் வெளியிட்டனர், பொறுப்புறுதியை இரண்டாண்டு நீட்டினர், ஆயினும் முன்னரே தேய்ந்தவற்றைத் திருத்தத்தால் மீட்க இயலவில்லை. செய்தாரே தவறிய இவ்விடத்தில், எவரோ ஒருவர் எழுதிவைத்த எண்ணை நாம் அப்படியே எடுத்துத் தட்டுதல் எத்துணைப் பேதைமை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

ஈண்டு என் பிழையொன்றை மறையாது கூறுதல் என் கடன். சென்ற ஆண்டு, பழைய இதழ்த் தொகுதிகள் சிலவற்றைப் படமெடுத்துக் கணினியிற் சேமிக்கும் பணி எம் வகுப்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. என் பங்கிற்கு வந்தது அறுபது பக்கங்கொண்ட ஒரு தொகுதி. தாள் பழுத்துப் பொரிந்து, தொட்டால் உதிரும் நிலையது. அப்பொழுது யான் என் கணினியை 4.0 கிகாஹெர்ட்ஸினின்றும் 4.4 ஆக உயர்த்தியிருந்தேன். சினிபெஞ்ச் என்னும் சோதனை பத்து நிமிடம் இடையூறின்றி ஓடியது, விளையாட்டுகளும் ஓடின. இதனைக் கண்டு, இனிக் கவலையில்லை என்று நண்பரிடம் பெருமை பேசினேன். படங்களைத் துப்புரவாக்கி, ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி, இடம் போதாமையால் மூலப் படங்களை அழித்தும்விட்டேன். எம் துறையில் அக்கோப்பைத் திறந்தபொழுது சரிபார்ப்பெண் பொருந்தவில்லை; பாதிப் பக்கங்கள் விரியவேயில்லை. என் கணினியிலிருந்த படியை நோக்க, அதுவும் அத்தகையதே. கட்டும்போதே என் கணினி தவறாகக் கட்டியிருந்தது. கட்டி முடிந்ததென்று அறிவிக்கவும் செய்தது. மறுவாரம் அத்தொகுதியை மீண்டும் விரித்துப் படமெடுக்க நேர்ந்தது. அங்ஙனம் எடுக்கையில் ஓர் ஏட்டின் விளிம்பு இரண்டு வரிகளின் ஈற்றோடு என் விரலிலேயே உதிர்ந்தது. ஒரு மணி நேர வேலையில் ஐந்தரை நிமிடம் மிச்சம் பிடிக்க யான் செய்த செயல், எண்பதாண்டு நிலைத்திருந்த இரண்டு வரிகளைச் சிதைத்தது.

அன்றிரவே பிரைம்95 என்னும் நிரலை ஓட்டினேன். மெர்சென் பகா எண்களைத் தேடுதற்பொருட்டு ஜார்ஜ் வோல்ட்மன் என்பார் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய கிம்ப்ஸ் என்னும் கூட்டு முயற்சியின் கருவி அது. பெருங்கணக்குகளை இடைவிடாது செய்து, தான் பெற்ற விடை இருக்கவேண்டிய எல்லையுள் உள்ளதா என்று தானே நோக்கும் தன்மையது. இருபதாம் நிமிடத்தில், 0.4இற்குக் குறைந்திருக்கவேண்டிய பிழையளவு 0.5 ஆயிற்றென்று கூறி அது நின்றுவிட்டது. திரை கறுக்கவில்லை, கணினி அணையவில்லை, பாட்டும் தடைப்படவில்லை. கணக்கு மட்டும் பொய்த்தது.

யான் வற்புறுத்திக் கூற விரும்புவது இதுவே. துடிப்பேற்றத்தில் அஞ்சத்தக்கது பொறி எரிதலன்று, பொறி நின்றுபோதலுமன்று. நின்றுபோன பொறி தன் குற்றத்தைத் தானே உரைத்துவிடும். நில்லாது ஓடிக்கொண்டே தவறான விடை தரும் பொறியே அஞ்சத்தக்கது. துடிப்பேற்றாத செயலியிலும், உறுப்புக் குறையால் இஃது அரிதாக நிகழ்வதுண்டு. 2021ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனத்துப் பொறியாளர் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு செயலியைக் குறித்திருக்கின்றனர். 1.1இன் 53ஆம் அடுக்கைக் கண்டு முழுவெண்ணாகத் தருக என்றால், 156 என்னவேண்டிய அது 0 என்று விடை தந்ததாம். அதன் பயனாக, விரிக்கவேண்டிய கோப்புக்கு அளவே இல்லையென்று கொண்டு, கணினி அதனை விட்டுவிட்டதாம். குற்றமுள்ள ஒரு செயலி தானாகச் செய்ததை, குற்றமற்ற செயலியை நாம் வருத்திச் செய்விக்கின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வுண்மை புதியதன்று. ஏடெழுதுவோன் கை எத்துணை விரைந்ததாயினும், எழுத்து எத்துணை அழகியதாயினும், அவன் விட்ட பிழை ஏட்டின்மேல் நின்று தன்னைத் தான் காட்டிக்கொள்வதில்லை. வேறொரு படியோடு ஒப்புநோக்கினாலன்றி அது புலப்படாது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, பல ஊர்களினின்றும் ஏடுகளைத் தொகுத்து ஒப்புநோக்கிய பின்னரே அச்சிற்குத் தந்தார். விரைந்து அச்சிடுதல் அவர்க்கும் இயலாததன்று. விரைவினும் வாய்மையை மேலாகக் கொண்டமையாலேயே அப்பதிப்பை நாம் இன்றும் நம்பிக் கையிலெடுக்கின்றோம். செயலியைச் சோதித்தலும் அத்தகைய ஒப்புநோக்கலே.

இனி, இத்தொழிலைப் பிழையின்றிச் செய்யுமாறு யாங்ஙனம் என்பதை, பட்டறிந்த அளவில் முறையே கூறுவேன்.

முதலாவது, செயலி இடந்தருமா என்று அறிதல் வேண்டும். இன்டெல் செயலிகளுட் பெரும்பாலும் பெயரீற்றில் கே என்னும் எழுத்துடையனவே பெருக்கெண் திறந்தவை. அவற்றிற்கும் இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். ரைசன் செயலிகளுட் பெரும்பாலன திறந்தவை. ஆயினும் எக்ஸ்3டி வகையுட் சில திறவாதவை. ஏ வரிசை மதர்போர்டுகள் இதற்கு இடந்தருவதில்லை. துடிப்பேற்றத்தால் நேரும் கேடு பொறுப்புறுதியில் அடங்காது என்பதையும் தொடங்குமுன்னரே ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, ஆயத்தம். கோப்புகளுக்கு வேறொரு தட்டிற் படியெடுத்து வைக்க. பயாஸைப் புதுப்பிக்க. குளிர்விக்கும் விசிறியிற் படிந்த தூசியை அகற்றி, செயலியின் மேற்பூசிய வெப்பப்பசை உலர்ந்திருப்பின் மாற்றுக. தொடக்கத்தில் இருந்த எண்கள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. எழுதாது தொடங்குவோன் திரும்பும் வழியறியாது காடு புகுவோனை ஒப்பான்.

மூன்றாவது, ஒருகால் ஒன்றையே மாற்றுக. நினைவகத்தை அதன் இயல்பான வேகத்திலேயே விட்டுவிட்டு, பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக உயர்த்துக. ஒவ்வோர் உயர்வின் பின்னும் அரைமணி நேரம் சோதிக்க. தவறு நேர்ந்தவிடத்து மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் உயர்த்திப் பார்க்க. எவ்வளவிற்கு மேல் உயர்த்துவதில்லை என்னும் எல்லையைச் செய்தார் கூறிய அளவையொட்டித் தொடங்குமுன்னரே எழுதிவைத்து, ஆசை மிக்கவிடத்தும் அதனைக் கடவாதிருக்க. மின்னழுத்தத்தைத் தானே தெரிவுசெய்யுமாறு மதர்போர்டிற்கு விட்டுவிடுதல் ஆகாது; அது வேண்டியதினும் மிகுதியாக ஊட்டுதல் உண்டு.

நான்காவது, வெப்பம். மிகக் கடுமையான சோதனையிலும் 85 டிகிரிக்கு மேற் செல்லாதவாறு யான் வைத்துக்கொள்வேன். செயலி தானே வேகத்தைக் குறைக்கும் எல்லையை முட்டிக்கொண்டு நிற்குமாயின், நாம் ஏற்றிய எண் வெறும் அலங்காரமே.

ஐந்தாவது, நெடுஞ்சோதனை. இறுதியில் தெரிந்த வேகத்தை ஓர் இரவு முழுதும் பிரைம்95 போன்ற கருவியால் சோதிக்க. கடும்பளுவில் தவறாத செயலி, பளு ஏறியிறங்கும் இலேசான வேலையில் தவறுதலும் உண்டு. ஆகவே நாட்பட்ட இயல்பான வேலையையும் சோதனையாகவே கொள்க. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வியா என்னும் பெயரோடு வரும் பிழைக்குறிப்புகளைத் தேடிப் பார்க்க. செயலி தானே திருத்திக்கொண்ட சிறு பிழைகளும் அங்கே பதியப்பெறும். அவை வருவதற்கிருக்கும் நோயின் முற்குறிகள்.

ஆறாவது, தேறிய வேகத்தினின்றும் ஒருபடி இறங்குக. என் செயலி 1.35 வோல்ட்டில் 4.4இல் தவறிற்று, 4.3இல் ஓரிரவு தேறிற்று. யான் நிறுத்திக்கொண்டது 4.2இல். அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறைந்தது. கோடை தொடங்கியதும் மறுபடி சோதித்தேன், தவறவில்லை.

ஒருவேளை திரையே தோன்றாதுபோயின் அஞ்சவேண்டா. மின்னிணைப்பை அறவே நீக்கி, மதர்போர்டிலுள்ள நாணயம்போன்ற மின்கலத்தைச் சிறிது நேரம் எடுத்து வைத்தாலும், சீமாஸ் அழிக்குமிடத்தை அதன் கையேடு கூறுமாறு இணைத்தாலும், பயாஸ் தன் பழைய எண்களுக்குத் திரும்பும்.

இத்துணையும் செய்து பெற்ற பயன் நூற்றுக்கு ஐந்து வேகமே. ஒரு மணி நேர வேலையில் மூன்று நிமிடமே மிச்சம். அங்ஙனமாயின் இதனைச் செய்யாதே விட்டால் என்ன என்று பெரியோர் வினவுவர். அவ்வினா நேரியது. மூன்று நிமிடத்தின் பொருட்டு இதனைச் செய்க என்று யான் கூறேன். தான் நாளும் நம்பிப் பயன்படுத்தும் கருவி எவ்வெல்லையில் பொய் சொல்லத் தொடங்கும் என்று தன் கையாலேயே கண்டறிதல் ஒரு கல்வி. அக்கல்வி பெற்ற பின்னர், திரையில் தோன்றும் எதனையும் அது தோன்றிற்று என்ற அளவானே யான் நம்புவதில்லை. மூலத்தை அழிக்குமுன் படியைத் திறந்து பார்க்கின்றேன். இப்பழக்கம் கணினிக்கு மட்டுமன்றி, நூற்கல்விக்கும் எனக்குத் துணையாயிற்று.

மார்தட்டும் நண்பர்க்கும் ஒரு சொல். 2011ஆம் ஆண்டில் ஏஎம்டி எஃப்எக்ஸ் செயலியொன்று நீர்ம ஹீலியத்தாற் குளிர்விக்கப்பெற்று 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டி உலக விருதுநூலில் இடம் பெற்றது. அதன் உட்கருக்களுட் பெரும்பாலன அப்போது நிறுத்தப்பட்டிருந்தன. அது வித்தை, வியக்கத்தக்க வித்தை. ஆயினும் அவ்வேகத்தில் ஒருவரும் தம் ஆய்வேட்டை எழுதுவதில்லை. ஒருகணம் எட்டிய எண் வேறு, நாள்தோறும் நம்பத்தக்க எண் வேறு. நம் விடுதியில் நாம் பெருமை பேசவேண்டுவது இரண்டாவதைப் பற்றியே.

இன்னுமொன்று. தன் கணினியைத் தான் சோதித்தல் தன்னுரிமை. துறைக்கும் நூலகத்திற்கும் உரிய பொதுக் கணினிகளிலோ, பிறர் வேலை தங்கியிருக்கும் கணினியிலோ துடிப்பேற்றுதல் எவ்வாற்றானும் தகாது. நேரும் பிழையின் கேட்டை ஏற்பவர் அதற்கு இசைந்தவராயிருத்தல் வேண்டும். என் பிழையின் கேட்டை ஏற்றது, மறுத்துரைக்க நாவில்லாத ஒரு பழந்தாள்.

வள்ளுவனார் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, செய்வினையின் வலியையும் தன் வலியையும் தூக்கிச் செய்க என்று அறிவுறுத்தினார். கோபுரம் எழுப்புவோன் தொடங்குமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டுமென்பதை நம் ஆண்டவரும் உவமையாற் கற்பித்தார். இவ்விரு பேரறிவும் நம் மேசைமேலிருக்கும் சிறு பொறிக்கும் பொருந்துவனவே. நண்பர்களே! விரும்பின் உங்கள் கணினியை விரைந்தோடச் செய்யுங்கள். ஆனால் அது கூறும் விடையை ஓரிரவேனும் விழித்திருந்து சோதித்த பின்னரே, உங்களுடைய உழைப்பையும் பிறருடைய உழைப்பையும் அதன் கையில் ஒப்புவியுங்கள்.